புனித வெள்ளிக்கு வாத்தியம் இல்லாத பாடல்கள்

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கி வந்தோம். அப்பாவுக்கு எழும்போதே இடது காது அடைத்திருக்கிறது. உள்ளே தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறதாம். எண்ணெயைச் சுடவைத்து, ஆறவிட்டு, இரண்டு சொட்டு விட்டேன். ஜலதோஷம்தான். வலது காது ஏற்கெனவே மந்தம். இருபத்திரண்டு வருடம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு வேறு எப்படி இருக்கும்?

இந்த டைரி கட்டுரைப் போட்டியில் கிடைத்தது. பொதுத்தேர்வு முடியும்வரை தினமும் என்ன படித்தேன் என்று எழுதத்தான் எடுத்தேன். ஆனால் இன்று வேறு ஒரு வேலையும் வந்துவிட்டது. 'சவரி சவுண்டு சர்வீஸ்' என்ற எங்கள் கடைக்கு போன் செய்கிறவர்கள் நாள், நேரம் சொன்ன பிறகு கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்ன பாட்டு போடலாம்?" கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று ஊரில் எல்லாருக்கும் அப்பாதான் மைக் செட். யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. இன்று வந்த மூன்று போனையும், "சிக்னல் சரியில்ல, நீயே பேசிச் சொல்லிரு மக்களே" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

சி.எஸ்.ஐ. வீட்டுக் கல்யாண நிச்சயத்துக்கு ஆர்மோனியத்தோடு பாடின பழைய கீர்த்தனைத் தொகுப்பைச் சொன்னேன். "பரவால்லையே, அப்பா மாதிரியே சொல்லுத" என்றார் அந்த மாமா. நாள் முழுவதும் அது மனதில் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பெரிய தப்பு செய்துவிட்டேன்.

டெய்சி டீச்சரின் அம்மா இறந்து முப்பதாம் நாள். வீட்டில் ஜெபம். சின்னப் பிள்ளைகள் பாடின ஒரு தொகுப்பை பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். குரல்கள் கண்ணாடி டம்ளரைத் தட்டின மாதிரி இருக்கும். அதில் மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் 'அல்லேலூயா' வருகிறது. தவக்காலம் தொடங்கினால் பாஸ்கா வரை, அதாவது ஈஸ்டர் முந்தின இரவு வரை, கத்தோலிக்கர் அந்த வார்த்தையைப் பாடுவதில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் முழுதாகக் கேட்காமல் ஏற்றிவிட்டேன்.

எங்கள் கோயிலின் மிக்கேல் உபதேசியார் பந்தலுக்குள்ளிருந்து கையை வீசிக்கொண்டு வந்தார். "ஏ பிள்ள, தவசு காலத்துல அல்லேலூயாவா? ஒங்கம்மை வீட்டுப் பழக்கமோ?"

அம்மா சி.எஸ்.ஐ.யிலிருந்து வந்தவள். கல்யாணமாகிப் பதினேழு வருடம் ஆகியும் உபதேசியார் அதை மறக்கவில்லை.

நான் ஓடிப்போய் பாட்டை மாற்றினேன். அப்பா ஸ்பீக்கர் பாக்ஸ் மேல் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சிரித்த முகமாக நின்றார். வேறு சமயமாக இருந்தால் முதல் எழுத்து வருவதற்குள் நிறுத்தியிருப்பார். களைப்பாக இருந்திருக்கும்.

கணக்கில் வடிவியல் ஒரு பயிற்சி மட்டும் முடித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

அம்மா மஸ்கட்டில் ஒரு வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. கோயிலுக்குப் போய்விட்டு வீடியோவில் வருவாள்.

"பெனி அப்பா, சுகமா இருக்கேளா?"

அப்பா தலையாட்டினார்.

"தண்ணி வருதா?"

தலையாட்டினார்.

"தண்ணி வரலியா?"

அதற்கும் தலையாட்டினார். நான் போனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஏளா, என்ன உங்கப்பா பூம்பூம் மாடு மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டுதாவ?"

"நெட் சரியில்லம்மா. அப்பாவுக்கு ஜலதோஷம் வேற."

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பரீட்சை அட்டவணையைக் கேட்டாள்.

அப்பாவுக்கு நேராக நின்று, வாயைத் திறந்து மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்கிறார். அவ்வளவு மோசம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். "ஈஸ்டர் முடியட்டும்" என்றார். அரசு ஆஸ்பத்திரியில் காது டாக்டர் செவ்வாய்க்கிழமை வருகிறார். விசாரித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஃபாதர் கிளாடியஸ் எங்களை அழைத்தார். எங்கள் கோயிலுக்குப் பங்குச் சாமியாராக வந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது. எல்லாவற்றையும் பேப்பரில் கேட்கிறவர்.

"சவரி, பங்குப் பேரவையில இந்த வருஷம் டவுன் ஆளைக் கூப்பிடலாம்னு ஒரு பேச்சு இருக்கு. திருவிழாவுக்கும் சேத்து அவங்ககிட்டயே குடுக்கணும்ங்காங்க. நான்தான் புனித வாரம் முடியட்டும், பார்த்துட்டு முடிவு செய்வோம்னு சொல்லி வச்சிருக்கேன். பார்த்துச் செய்யணும்."

அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் ஃபாதருக்குப் பின்னால் இருந்தது. நான் இடையில் புகுந்து, "சரி ஃபாதர், அப்பா நல்லா செய்வாங்க" என்றேன்.

"புனித வெள்ளி சிலுவைப்பாதை ஊர்வலத்துக்குப் பாட்டுப் பட்டியல் வேணும். வாத்தியமே இருக்கக் கூடாது. ஆர்மோனியம், தபேலா, கீபோர்டு ஒண்ணும் ஆகாது. போன வருஷம் மேளத்தோட போட்டாங்களாம். வெறும் குரல் மட்டும். பதினாலு நிலைக்கும் பதினாலு பாட்டு. கிடைக்குமா?"

"கிடைக்கும் ஃபாதர். நான் தேடுதேன்."

வழியில் அப்பாவுக்கு முகத்தைக் காட்டி எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். திருவிழா விஷயத்தைச் சொன்னபோது சைக்கிளை நிறுத்தினார். "நம்ம ஊர்த் திருவிழாவுக்கு வேற ஆளா?" என்றார். சத்தமாகச் சொன்னார். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இப்போதெல்லாம் அப்பா சத்தமாகத்தான் பேசுகிறார்.

மார்ச் 20, வியாழன்

வாத்தியம் இல்லாத பாட்டு கிடைப்பது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை. நாற்பத்தொரு பாட்டு கேட்டேன். முப்பத்தாறில் ஏதாவது ஒரு மூலையில் கீபோர்டு ஒளிந்திருக்கிறது. சிலவற்றில் கடைசி வரிக்கு மட்டும் வயலின் வந்து காரியத்தைக் கெடுக்கிறது.

பக்கத்து வீட்டு ராகேல் அக்கா பெந்தெகொஸ்தே. கடுகு வாங்க வந்தபோது என்னிடம் ஹெட்போன் இருப்பதைப் பார்த்து, "எங்க சபையில சகோதரிமார் உபவாசக் கூட்டத்துல பாடினது எனக்க போன்ல இருக்கு, வெறும் கைத்தட்டு மட்டும்தான்" என்றாள். கேட்டேன். பதிவு நன்றாக இல்லை, மின்விசிறிச் சத்தம் கேட்கிறது, யாரோ இருமுகிறார்கள். ஆனால் ஒரு பெண் தனியாக ஆரம்பித்து மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேரும்போது எனக்கு முதுகு சிலிர்த்தது. கைத்தட்டு வாத்தியமா இல்லையா? ஃபாதரிடம் கேட்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பார். தட்டாத ஒரு பாட்டு இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டேன்.

அக்கா அப்பாவைப் பார்த்து, "அண்ணே, ஸ்தோத்திரம்" என்றாள். அப்பா ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். "கவனிக்கல" என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

காது டாக்டர் நாள். திருப்புதல் தேர்வு. போகவில்லை.

மார்ச் 28, வெள்ளி

தமிழ்ப் பரீட்சை. கட்டுரை நான்கு பக்கம் எழுதினேன். கை வலிக்கிறது.

அம்மா இன்று வீடியோவில் வராமல் நான்கு பதிவுகள் அனுப்பினாள். அவள் போகிற கோயில் வளாகத்தில் ஒரு கட்டடத்திலிருந்து ஒரு சபை வெளியே வந்ததும் அடுத்தது உள்ளே போகுமாம். கேரளத்து யாக்கோபாக்காரர், எகிப்துக்காரர், லத்தீன் பூசை என்று வரிசை. வாசலில் செருப்பு மாறிப்போவதுதான் ஒரே சண்டை என்று எழுதியிருந்தாள். நான் பட்டியலைப் பற்றிச் சொன்னதால் எல்லாரிடமும் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

யாக்கோபாக்காரர் பாடுவது சுறியானி மொழியில். ஆண்கள் மட்டும். ஒரு பக்கம் கேட்கிறார்கள், மறுபக்கம் பதில் சொல்கிறார்கள். எங்கும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிற பாட்டு, ஊர்வலத்துக்கு ரொம்பப் பொருத்தம். ஏழாம் நிலைக்கு வைக்கலாம்.

லத்தீன் பாட்டு ஐரோப்பாவில் ஏதோ மடத்துத் துறவிகள் பாடியது. சுத்தமாக இருக்கிறது. கொஞ்சம் அதிகச் சுத்தம். எங்கள் தெருவில் கோழி, பைக் சத்தத்துக்கு நடுவில் தாங்குமா தெரியவில்லை. இருந்தாலும் பத்தாம் நிலைக்கு.

எகிப்துப் பாட்டுதான் என்னைத் தூங்கவிடாதது. ஒரே எழுத்தை இரண்டு நிமிடம் பாடுகிறார்கள். 'ஆ' என்று ஆரம்பித்து அது இறங்கி, ஏறி, வளைந்து, வார்த்தை வந்து சேரவே மாட்டேன் என்கிறது. முதல் பதிவில் சின்ன ஜால்ரா இருந்ததால் நீக்கினேன். இரண்டாவதில் குரல் மட்டும். பன்னிரண்டாம் நிலைக்கு, இயேசு உயிர்விடும் இடத்துக்கு. வேறு எதுவும் அங்கே நிற்காது.

இந்த மூன்று பாட்டும் அம்மா அனுப்பியவை என்று அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். வலது காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முழுதும் கேட்டார். "நல்லாருக்கு" என்றார். போன் அதற்குள் அணைந்துவிட்டிருந்தது. நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

கணக்கு முடிந்தது. பத்து மதிப்பெண் போய்விட்டது. தூங்க வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

அறிவியல். எதிரொலி கேட்பதற்குக் குறைந்தபட்ச தூரம் கேட்டிருந்தார்கள். 17.2 மீட்டர். ஒலியியல் பாடம் முழுவதும் எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் ஏழு போன். எல்லாருமே, "பெனியா, நீயே சொல்லு" என்கிறார்கள். சி.எஸ்.ஐ. கோயிலின் புனித வெள்ளி மும்மணி நேர ஆராதனைக்கு முன்னால் போட நாலு குரலில் பாடின பாமாலைத் தொகுப்பைச் சொன்னேன். அந்தப் போதகர் ஐயர், "எங்க வாலிபர் சங்கத்துக்கே இது தெரியாது" என்றார். தலைவலி. ஆனாலும் போன் வராத நேரத்தில் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

இன்று எல்லாம் நன்றாக நடந்தது. குருத்தோலைப் பவனிக்கு மேளம், பேண்டு எல்லாம் உள்ள பாடல்கள். லோடு ஆட்டோவில் அப்பா பாக்ஸ் மேல் இடது கையை வைத்துக்கொண்டு, வலது கையால் ஆம்ப்ளிபயரைக் கூட்டிக் குறைத்தார். பாட்டு முடியும் இடம், சரணம் தொடங்கும் இடம் எல்லாம் சரியாகப் பிடித்தார். ஆட்டோ ஓட்டுகிற தொம்மை அண்ணாச்சி, "சவரியண்ணன் கை பட்டா பாக்ஸே பேசுதுல்லா" என்றார்.

ஃபாதர் கிளாடியஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இன்னும் ஐந்து நாள்தான். வெள்ளிக்கிழமை தாண்டினால் திருவிழா நமக்குத்தான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கடைசிப் பரீட்சை, சமூக அறிவியல். மை தீர்ந்து பக்கத்துப் பெண்ணிடம் பேனா வாங்கினேன்.

மாலையில் பதினாலு பாட்டையும் வரிசையாக ஏற்றி, பெரிய பாக்ஸில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா கையை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"ஓடுதா?"

"ஓடுதுப்பா."

"ம். நல்லாருக்கு."

ஃபாதருக்குப் பட்டியலை நல்ல பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். பாட்டு, எந்தச் சபையின் மரபு, ஏன் அந்த நிலைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. அவர் நின்றபடியே முழுவதும் படித்தார். "இதை வாசகசாலையில ஒட்டலாம்" என்றார்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

காலை ஏழு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் சிலுவை, பிறகு ஃபாதர் ஒயர் இல்லாத மைக்கோடு, பிறகு லோடு ஆட்டோ, பின்னால் ஊரே. ஒவ்வொரு நிலையிலும் ஃபாதர் தியானம் வாசிப்பார். முடிந்ததும் அடுத்த நிலைக்கு நடக்கும்போது பாட்டு.

முதல் நிலை முடிந்தது. ஃபாதர் கை காட்டினார். அப்பா பாட்டைப் போட்டார். சி.எஸ்.ஐ. பாடகர் குழு, நாலு குரல், மெதுவாகத் தொடங்குவது. அப்பா பாக்ஸ் மேல் கையை வைத்தார். ஆம்ப்ளிபயரில் எரிகிற விளக்கைக் குனிந்து பார்த்தார். அதன் மேல் வெயில் நேராக அடித்தது; எரிவது தெரிந்திருக்காது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். மறுபடி கையை வைத்தார். இன்னும் கூட்டினார்.

நான் பெண்கள் வரிசையில், ஆட்டோவுக்குப் பத்தடி பின்னால் இருந்தேன். என்ன நடக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்தது. எனக்கு மட்டும்தான் புரிந்தது.

ஃபாதர் திரும்பி, குறைக்கச் சொல்லிக் கையைத் தாழ்த்திக் காட்டினார். அப்பா குனிந்து ஒயரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதரின் கையிலிருந்த மைக் கூவ ஆரம்பித்தது. ஊசி குத்துகிற மாதிரி ஒரு கூவல், தெரு முழுக்க. பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். ஒரு கைக்குழந்தை அலறியது. மிக்கேல் உபதேசியார், "ஏய் சவரி! சவரி! கொறைவே!" என்று ஆட்டோவின் பக்கவாட்டைத் தட்டினார். தட்டியது கைக்குத் தெரிந்திருக்கும். அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்து, "இந்தா சரி பண்ணிட்டேன்" என்று சொல்லி, மிச்சம் இருந்ததையும் கூட்டினார்.

நான் ஓடினேன். ஆட்டோவில் ஏறி, குமிழைத் திருகி முழுவதும் அணைத்தேன்.

தெரு அமைதியாகிவிட்டது. அப்பா என் கையைப் பார்த்தார், பிறகு எல்லாருடைய முகத்தையும் பார்த்தார்.

"பாட்டு நின்னுட்டுன்னு நினைச்சேன்ளா" என்றார், சத்தமாக. "கைக்கு ஒண்ணுமே வரல."

தொம்மை அண்ணாச்சி ஸ்டியரிங்கிலிருந்து இறங்கி வந்தார். "அண்ணனுக்குக் காது கேக்கலியா?" என்று என்னிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

ஃபாதர் வந்து அப்பாவின் தோளில் கை வைத்தார். "தொம்மை, ஆட்டோவை ஓரமாப் போடுங்க. மைக் இல்லாம நடப்போம்." ஊர்வலம் எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் வந்தவர்களுக்குத் தியானம் எதுவும் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். பன்னிரண்டாம் நிலையில் நான் வைத்த பாட்டை யாரும் கேட்கவில்லை.

குறிப்பு: மேளம் இருந்தால் பாக்ஸ் அதிரும். குரலுக்கு அந்த அளவு அதிராது. இது ஒலியியல். கை வைத்துத்தான் அப்பா இத்தனை நாள் சமாளித்தார் என்று தெரிந்த ஒரே ஆளான நான், அதிர்வு இல்லாத பதினாலு பாட்டைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

நேற்றுப் பாஸ்கா பூசைக்கு டவுன் ஆட்கள் வந்து கட்டினார்கள். நாங்கள் கடைசி வரிசையில் நின்றோம். நன்றாகத்தான் இருந்தது அவர்கள் சத்தம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காது டாக்டரிடம் போனோம். இளம் பெண். அப்பாவைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். பிறகு என்னிடம், "எப்போ அடைச்சுது?" என்றார்.

"சாம்பல் புதன் அன்னைக்கு. திடீர்னு. காலையில எழும்போது."

"அப்படின்னா?"

"மார்ச் அஞ்சு. நாற்பத்தெட்டு நாள்."

பேனாவை வைத்துவிட்டார். "இப்படித் திடீர்னு போனா ரெண்டு வாரத்துக்குள்ள வரணும்மா. மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். வந்திருக்கும்னு உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா பாத்திருக்கலாம். இனிமே இடது காதுல ஒண்ணும் செய்றதுக்கு இல்ல. வலது காதுக்கு மெஷின் வச்சா, பேச்சு ஓரளவு பிடிபடும்."

"என்ன சொல்லுதாவ?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

மெஷின் விஷயத்தை மட்டும் சொல்லியிருக்கலாம். டாக்டரின் சீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு வாரம் என்பதையும் எழுதினேன். அப்பா படித்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நானும்தானே வரமாட்டேன்னேன்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேச வேண்டும் என்றால் அவர் திரும்ப வேண்டும். அவர் திரும்பவில்லை.

மாலையில் அம்மாவைக் கூப்பிட்டேன். நெட்டைக் குறை சொல்லாமல் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "ஜலதோஷம் இல்லம்மா. எனக்கு ரெண்டாவது நாளே தெரியும். போன் எல்லாம் எங்கிட்ட வந்தது. எனக்கு அது பிடிச்சிருந்தது."

அம்மா அழுவாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"தண்ணி வருதான்னு கேட்டேன், வரலியான்னு கேட்டேன், ரெண்டுக்கும் தலையாட்டினாவ. அன்னைக்கே எனக்குத் தெரியும்ளா."

"தெரிஞ்சா ஏம்மா கேக்கல?"

"கேட்டா வரணுமே. ஒப்பந்தம் ஆகஸ்ட் வரைக்கும் இருக்கு. நடுவுல விடமாட்டாவ. நீ சமாளிக்கன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அந்தப் பக்கம் யாரோ அம்மாவை அரபியில் கூப்பிட்டார்கள். போனாள்.

ஏப்ரல் 24, வியாழன்

ஃபாதர் கிளாடியஸ் வந்து போனார். திருவிழாவுக்கு டவுன் ஆட்கள்தான். பேரவை முடிவு செய்துவிட்டது. அப்பாவுக்கு நேராக, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, அவரே மெதுவாகச் சொன்னார். அப்பா, "சரி சாமி" என்றார். என் பட்டியலை வாசகசாலையில் ஒட்டியிருக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

நாலரை மணிக்கு ஒரு போன். பக்கத்து ஊர். சி.எஸ்.ஐ. சபையில் அசன விருந்து, அடுத்த வாரம்.

"சவரி சவுண்டு சர்வீஸா? அண்ணாச்சிகிட்ட குடும்மா."

"அப்பாவுக்குக் காது கேக்காது. மெஷின் வைக்கப் போறோம். கட்டுறது, மின்சாரம், ஒயர் எல்லாம் அப்பா பாப்பாங்க. சத்தம் பாக்குறது நான். பாட்டு சொல்றதும் நான்தான்."

இதை நான் சொல்லும்போது அப்பா எதிரில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பிறகு, "நீ எத்தனாவது படிக்க?" என்றார்.

"பத்து முடிச்சிருக்கேன்."

"சபையில கேட்டுட்டுச் சொல்லுதேம்மா."

"சரி மாமா. சமைக்கிற நேரத்துக்கு மேளத்தோட போடலாம், பந்திக்கு வேண்டாம். பேச்சு கேக்காது."

வைத்துவிட்டார். மணி இப்போது எட்டு. இன்னும் கூப்பிடவில்லை. அப்பா முற்றத்தில் பாக்ஸ்களைத் துடைத்து அடுக்குகிறார். போனைச் சார்ஜில் போட்டு, மணிச் சத்தத்தை முழுவதும் கூட்டி வைத்திருக்கிறேன்.